அம்மாவின் வலது கைக்கு எத்தனை சதவீதம்?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், காப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டு சபீனா என்னிடம், "எனக்கு ஐம்பது" என்றார். எல்லோரையும்விட அவருக்கு மட்டும் ஐந்து நாள் விடுப்பு கூடுதலாக இருப்பதை அட்டவணையில் பார்த்துவிட்டு, அது எப்படி என்று கேட்டிருந்தேன். அதற்குத்தான் இந்தப் பதில். வயதானவர்களுக்கு இங்கே விடுப்பு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எங்கள் ஊர் மரியாதையை விட்டுவிடாமல், "பார்த்தால் நாற்பதுக்கு மேல் சொல்லவே முடியாது" என்றேன். சபீனா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையிலிருந்த காப்பி தளும்பும் அளவுக்குச் சிரித்தார். அவருடைய வயது முப்பத்தெட்டு.

ஐம்பது என்பது அவருடைய உடற்குறையின் அளவு. பிறக்கும்போதே இடுப்பெலும்பில் கோளாறு. இந்த நாட்டில் அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மருத்துவ அறிக்கைகளைப் படித்துவிட்டு இருபதிலிருந்து நூறு வரை ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ஐம்பதைத் தொட்டால் ஐந்து நாள் கூடுதல் விடுப்பு, வேலையிலிருந்து எளிதில் நீக்க முடியாத பாதுகாப்பு, இன்னும் சில உரிமைகள். "முதலில் முப்பதுதான் கொடுத்தார்கள். வீடர்ஷ்ப்ரூக் எழுதினேன். ஐம்பது ஆக்கினார்கள்" என்றார் சபீனா, செருப்புக் கடையில் அளவு பொருந்தாமல் மாற்றி வாங்கியதைச் சொல்வதுபோல. 'உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை' என்று அரசுக்கு எழுதும் கடிதத்துக்குத்தான் இங்கே வீடர்ஷ்ப்ரூக் என்று பெயர். எனக்கு விசித்திரமாகப் பட்டது அந்தச் சலுகையோ அந்தக் கடிதமோ அல்ல. பக்கத்தில் இரண்டு ஆண்கள் கோப்பையோடு காத்து நிற்க, தன் உடம்பில் எது சரியில்லை என்பதை அவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு எண் இருந்தபோது நாங்கள் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள பல மாதங்கள் ஆயின.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனம் தலைமுறைகளாகத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அம்மாதான் முதலில் அதிலிருந்து வெளியே வந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில், மோட்டார் பம்புகளுக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு சிறிய பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். லோடுமேனாக இருந்த அப்பா நான் எட்டாவது படிக்கும்போது தவறிவிட்டார். அதன் பிறகு அம்மா சுற்றிய கம்பியில்தான் நான் பன்னிரண்டாவது முடித்து, சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் மூன்றாம் ஆண்டு முடிக்கும் சமயத்தில் ஒரு காலை, பட்டறையில் அம்மாவின் வலது கையிலிருந்து கம்பி நழுவியது. கை மரத்துப்போயிருக்கிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இடது கையால் சுற்றியிருக்கிறாள். எழுந்து நிற்க முயன்றபோதுதான் கால் வரவில்லை. பக்கவாதம். உயிர் தப்பியது. ஆனால் வலது கை விரல்கள் மூடவில்லை. வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் இரண்டு மாதத்தில் பழையபடி திரும்பியது. வேலை போயிற்று. பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. "சரியானதும் வாங்கம்மா" என்றார். செம்புக் கம்பிக்கு இரண்டு கை வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

எனக்குக் கல்லூரியில் இன்னும் ஒரு வருடம் இருந்தது. படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றேன். அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மாதம்தோறும் உதவித்தொகை தருகிறது, அது கிடைத்தால் அரிசிக்கும் வாடகைக்கும் ஆகும், நீ படிப்பை முடிக்கலாம் என்று சொன்னது பக்கத்து வீட்டுப் பழனியக்காதான். வாசலில் இட்லிக்கடை போட்டிருந்ததால் ஊர்ச் செய்தி எல்லாம் அவருக்குத்தான் முதலில் வரும். அரசு மருத்துவர்கள் பார்த்து, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மாவின் கையைப் பார்த்தால் யாரும் நாற்பதுக்குக் குறைத்துப் போட மாட்டார்கள் என்று நான் நம்பினேன்.

அந்த நேரத்தில் எங்கள் கல்லூரியில் வேலைவாய்ப்பு நேர்காணலுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, எதையும் தெரியாது என்று சொல்லாதே, கற்றுக்கொள்வேன் என்று சொல். ஒரு வாரமாக இதே பாடம். வேறு எந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு பக்தியோடு படித்ததில்லை. மருத்துவர்கள் குழுவின் முன் அம்மா நிற்கப்போகிறாள் என்றதும், எனக்குத் தெரிந்த ஒரே நேர்காணலுக்கு அவளைத் தயார் செய்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்த நீலச் சேலையைப் பழனியக்கா கட்டிவிட்டார். நான் தலை வாரிப் பின்னிவிட்டேன். தெருவில் இறங்கியபோது, "ஏஞ் சரோஜா, பொண்ணு பாக்க வாராங்களா?" என்று கேலி செய்தார் பழனியக்கா. "சும்மா இருங்கக்கா, கவர்மெண்டு ஆபீசருங்க முன்னால போவோணுமில்ல" என்றாள் அம்மா. பஸ்ஸில் நான் அவளிடம் சொல்லிக்கொண்டே போனேன். நிமிர்ந்து நட. கேட்டதுக்குத் தெளிவாப் பதில் சொல்லு. பயப்படாதே.

அம்மா பயப்படவே இல்லை. வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தவள், பெயரைக் கூப்பிட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். பட்டறையை விட்டு வந்த பிறகு அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. வலது கையை முந்தானைக்குள் அழகாகச் சொருகியிருந்தாள். அங்கிருந்த மருத்துவர் களைத்திருந்தாலும் கனிவாகவே பேசினார்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேனுங்க."

"வீட்டு வேலையெல்லாம் செய்யறீங்களா?"

"செஞ்சுபோடுவேனுங்க."

"சமையல்?"

"அதெல்லாம் ஆவுதுங்க."

"மாடிப்படி ஏற முடியுதா?"

"மெதுவா ஏறிப்போடுவேனுங்க."

கையை நீட்டச் சொன்னார். அழுத்திப் பார்த்தார். விரலைப் பிடிக்கச் சொன்னார். அம்மா முகம் சிவக்க, தோளிலிருந்து கையைத் தள்ளி, எப்படியோ இரண்டு விரலை அவர் விரலோடு ஒட்டினாள். நான் பின்னால் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. என் அம்மா நேர்காணலில் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

சான்றிதழில் முப்பத்தைந்து சதவீதம் என்று வந்தது. நான் அதை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது, அம்மா கேட்டாள்: "முப்பத்தஞ்சுன்னா பாஸுதானே கண்ணு?"

நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேர்வில் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அம்மா ஐந்தாவதோடு நின்றவள். என் மதிப்பெண் பட்டியல்கள் வழியாக அவள் கற்ற ஒரே எண் கணக்கு அது. இல்லம்மா, நாற்பது வேணும், கிடைக்கலை என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "போகட்டும் உடு. பெருசா ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிப்போட்டாரு" என்றாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு நிம்மதி தெரிந்தது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

யார் மேலும் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருத்துவர் கேட்டார், நாங்கள் சொன்னோம், சொன்னதை அவர் எழுதினார். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை யோசித்துப் பார்க்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. தோட்டத்து வேலைக்கு ஆள் கூப்பிடும் காலையில், "உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான். நல்லா இருக்குதுங்க. முதுகு வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால், மறுநாள் அவளைக் கூப்பிட மாட்டார்கள். வேறொருத்தி போவாள். காய்ச்சலோடு களை எடுத்தவர்களும், நிறைமாதத்தோடு நாற்று நட்டவர்களும் எங்கள் வீட்டில் உண்டு. 'முடியாது' என்ற சொல்லே எங்கள் சனத்தின் வாயில் உருவாகாமல் போயிற்று. கொங்குநாட்டுப் பேச்சில் பணிவு அதிகம் என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பணிவுக்குள் ஒரு கணக்கு இருந்தது: மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும், அவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார். அம்மா மருத்துவரிடம் வேலை கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

சபீனாவிடம் ஒருமுறை கேட்டேன், முப்பது என்று கடிதம் வந்த அன்று அழுதீர்களா என்று. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எதற்கு அழ வேண்டும்? ஒரு மாதம் அவகாசம் உண்டு. சங்கத்தில் வக்கீல் இருந்தார். எழுதினோம்" என்றார். வருடச் சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்தால் இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தித் தரும் சங்கங்கள் இங்கே உண்டு. இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்துக்குக் கம்பளிச் சட்டை வாங்கி வைப்பதுபோல அதில் சேர்ந்து வைக்கிறார்கள். இங்கே இருக்கும் நம் ஆட்களிடம் இதைச் சொன்னால், "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்கிறார்கள். அந்தப் பதிலில் எனக்கு அம்மாவின் குரல் கேட்கிறது.

எங்களுக்கு வக்கீல் கிடைத்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் நான் இருந்தேன். இலவச சட்ட உதவி பற்றி ஒரு விழிப்புணர்வு முகாம் நடந்தது. இருநூறு நாற்காலி போட்டது நான். தண்ணீர் பாட்டில் கொடுத்தது நான். பேச்சை மட்டும் கேட்கவில்லை. பின்னால் நின்று தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று கொடுத்த துண்டுத்தாள், முப்பத்தைந்து சதவீதச் சான்றிதழை வைக்க இடம் தேடிப் பையைக் கொட்டியபோது, ஒரு நோட்டுக்குள்ளிருந்து விழுந்தது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியலினத்தவர் யாரும் கட்டணமின்றி வக்கீல் பெறலாம் என்று அதில் இருந்தது. ஒன்று இருந்தாலே போதும். எங்களிடம் மூன்றும் இருந்தது. மூன்றாவது நாள் அம்மாவையும், துணைக்குப் பழனியக்காவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்ட உதவி மையத்துக்குப் போனேன்.

சுகன்யா என்ற வக்கீலிடம் அனுப்பினார்கள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, சான்றிதழைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மருத்துவர்கள் கொடுத்த சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, மறுபடியும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். ஆனால் மனுவில் எழுதுவதற்கு உண்மை வேண்டும்.

"ஏனுங்கம்மா, காலைல எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. என்னென்ன பண்ணுவீங்க?"

"எல்லாம் பண்ணிப்போடுவேனுங்க அம்மணி" என்றாள் அம்மா.

"பல்லு வெளக்கறது?"

"ஆவுதுங்க."

"சோறு வடிக்கறது?"

"ஆவுதுங்க."

சுகன்யா பேனாவை மேசையில் வைத்தார். "இந்தச் சேலை ரொம்ப நேர்த்தியா இருக்குதுங்க. மடிப்பெல்லாம் எண்ணி வெச்சமாதிரி. ஒத்தைக் கையில எப்படிங்க கட்டினீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் பழனியக்கா குறுக்கே விழுந்தார். "அவ எங்கீங்க கட்டறா! தெனமும் நாந்தான் கட்டி உடறேன். சோறு வடிக்கறாளாமா? போன மாசம் கஞ்சியைக் காலு மேல ஊத்திக்கிட்டா. ஜாக்கெட்டுப் பித்தான் மாட்டறதுகூட இந்தப் புள்ளதான். கக்கூசுக்குப் போனா நான் வெளிய நிக்கோணும். நல்லா இருக்கேனுங்க, நல்லா இருக்கேனுங்கன்னு எத்தனை நாளைக்குடி சொல்லுவே?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இடது கையால் வலது கையை இன்னும் உள்ளே, முந்தானைக்குள் தள்ளினாள். சுகன்யா பேனாவை எடுத்து, பழனியக்கா சொன்ன வரிசையிலேயே எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் அம்மாவிடம் படித்துக் காட்டி, "இதுல பொய் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். கையெழுத்துப் போடும் இடத்தில் இடது கைப் பெருவிரலை வைத்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்தவள், கையெழுத்துப் போடத் தெரிந்தவள், முதல்முறையாகக் கைநாட்டு வைத்தாள். அதற்கு மட்டும் அவள் கண் கலங்கியது.

பழனியக்காவோடு ஒரு மாதம் பேச்சு இல்லை. காலையில் சேலை கட்டிவிட அவர் வந்தால் அம்மா நைட்டியோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். அவளுக்கு வைராக்கியமிருந்தா எனக்கு ஊட்டுல வேலையிருக்குது" என்று பழனியக்கா இட்லித் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போவார். ஒரு மாலை நான் கேட்டேன், அக்கா சொன்னது உண்மைதானே, எதுக்கும்மா கோபம்? அம்மா சொன்னாள்: "உண்மைதாங் கண்ணு. ஆனா ஒருத்தரு முன்னால கையை நீட்டி, எனக்கு முடியலைங்க, எதாச்சும் குடுங்கன்னு சொல்றதுக்கு என்ன பேரு? அந்தப் பேரு வேண்டாமுன்னுதானே நான் தோட்டத்தை விட்டுப்போட்டுப் பட்டறைக்கு வந்தேன்."

உரிமை, சட்டம் என்று துண்டுத்தாளில் இருந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பிய மாதிரித் தெரியவில்லை. மறுபரிசோதனைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது சுகன்யா தொலைபேசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஊட்டுல எப்படி இருப்பாங்களோ அப்படியே கூட்டிட்டு வாங்க." அதை அம்மாவிடம் சொன்னேன். "நைட்டியிலயா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க? மானத்தை வாங்காதே" என்றாள். இந்தத் தடவையும் தோற்கப்போகிறோம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. தோற்றால் கடைசி வருடத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. சிங்காநல்லூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுத ஆள் வேண்டும் என்றார்கள். போய் விசாரித்துவிட்டும் வந்திருந்தேன்.

அந்தக் காலையில் விடிவதற்கு முன்னமே அம்மா எழுந்துவிட்டாள். பழனியக்காவைக் கூப்பிடவில்லை. என்னையும் அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏதோ விழுந்தது. கதவைத் தட்டினேன். "வாரேன் இரு" என்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பழனியக்கா இட்லிக் கொப்பரையை இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நாங்கள் இருவரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்தது. அதே நீலச் சேலை. அம்மா தானே கட்டியிருந்தாள். கொசுவம் ஒரு பக்கம் தொங்கியது. இடுப்பில் செருகியது பாதி வெளியே வந்திருந்தது. முந்தானையைப் பல்லால் இழுத்த இடத்தில் எச்சில் ஈரம் இருந்தது. மேலே பின்னூசிக்குப் பதில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டியிருந்தாள், அதைத்தான் ஒரு கையால் அமுக்க முடியும். வேர்த்துக் கொட்டியது. பழனியக்கா சரிசெய்யக் கையை நீட்டினார். அம்மா, "தொடாதீங்கக்கா, இப்படியே இருக்கட்டும்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அப்படியே பஸ்ஸில் வந்தாள். ஆட்கள் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மருத்துவர்களின் முன் போய் நின்றபோது மூன்று பேரும் முதலில் அந்தச் சேலையைத்தான் பார்த்தார்கள். மூத்தவராக இருந்த ஒரு பெண் மருத்துவர் கேட்டார், "யாரும்மா இதைக் கட்டிவிட்டது?"

"நானேதாங்க கட்டினேன்" என்றாள் அம்மா. "ஒண்ணேகால் மணி நேரமாச்சுங்க. இதுக்கு மேல வரலீங்க."

முடியாது என்று அவள் அன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே வழி கண்டுபிடித்திருந்தாள். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பட்டறை முதலாளி வேலைக் கணக்குக் கேட்டால் சொல்வதுபோல, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எதற்கு யார் வருகிறார்கள் என்று சொன்னாள். கையை நீட்டச் சொன்னபோது முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து, மேசையின் மேல், எல்லோரும் பார்க்க வைத்தாள். விரல்கள் பாதி மூடிய நிலையில் அப்படியே இருந்தன.

அறுபது சதவீதம் வந்தது. நிரந்தரம் என்றும் எழுதியிருந்தார்கள். உதவித்தொகை மூன்று மாதத்தில் தொடங்கியது. நான் கடைசி வருடத்தைத் தொடர்ந்தேன். சுகன்யாவுக்கு என்ன கொடுப்பது என்று அம்மா தவித்து, ஒரு தூக்குப்போசியில் பழனியக்கா வீட்டு இட்லியும் சட்னியும் எடுத்துப்போனாள். "கட்டணம் வாங்கக் கூடாதுங்கம்மா" என்றார் அவர். "இது கட்டணமில்லீங்க அம்மணி, பசியாறறதுக்கு" என்றாள் அம்மா. அவர் மேசையிலேயே உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. நீலமும் வெள்ளையுமாக மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்ததும் அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கினாள். நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் கட்டணம் கிடையாது. ஆனாலும் கண்டக்டர் வந்தால் அட்டையை எடுத்துக் காட்டுவாள். "இது தேவையில்லீங்கக்கா" என்பார் கண்டக்டர். "இருக்கட்டுங்க, பாத்துப்போட்டுக் குடுங்க" என்பாள். ஊரில் யாருக்காவது கால் வரவில்லை, காது கேட்கவில்லை என்றால் அவளே போய், "டாக்டரு கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று பாடம் எடுப்பாள். எனக்கு வேலை கிடைத்து நான் சம்பாதிக்கத் தொடங்கியதும், இனி நமக்கு வேண்டாம் என்று தாலுகா அலுவலகத்துக்குத் தானே எழுதிக் கொடுத்து உதவித்தொகையை நிறுத்தினாள். "வேற ஒருத்திக்குப் போகட்டும். அட்டை மட்டும் என்றகிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஜெயித்தது அம்மாதான். நான் அந்தப் பாடத்தைப் பாதிதான் கற்றிருக்கிறேன் என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. ஒரு சோதனை அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க முடியுமா என்று என் மேலாளர் கேட்டார். "முடியும், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றேன், கேள்வி முடிவதற்கு முன்பே. முடியவில்லை. திங்கட்கிழமை அவர் கோபப்படவில்லை, குழம்பிப்போனார். "முடியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் இன்னொரு ஆளைக் கொடுத்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை?" என்றார். ஒரு தோட்டத்துக் காலை வேளையை ஜெர்மன் மொழியில் எப்படி விளக்குவது? "எங்கள் ஊரில் அப்படி" என்றேன். அவர் அதை ஏதோ மதச் சம்பிரதாயம் என்று புரிந்துகொண்டு மரியாதையாகத் தலையாட்டினார். அதன் பிறகு கண்ணாடி முன் நின்று ஜெர்மனில் 'இல்லை' என்பதற்கான 'நைன்' என்ற சொல்லைப் பத்துத் தடவை சொல்லிப் பழகினேன். இப்போது நன்றாகவே சொல்கிறேன். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் அந்தச் சொல் மறுபடி மறைந்துவிடுகிறது.

போன கோடையில் அம்மா இங்கே வந்தாள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தள்ளிவந்த பெண்ணிடம் என்னைக் காட்டி, "என்ற புள்ள, இஞ்சினீரு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் இருவரும் நகர ரயிலில் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் சீட்டு என் கைபேசியில் இருந்தது. பரிசோதகர் எங்கள் வரிசைக்கு வந்தபோது, நான் கைபேசியைத் திறப்பதற்குள், அம்மா மடியிலிருந்த பையை முழங்கையால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் அட்டையை உருவி அவரிடம் நீட்டிவிட்டாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்தைப் பார்த்தார், அம்மாவின் படத்தைப் பார்த்தார். இது என்ன என்று என்னைக் கேட்டார். சொன்னேன். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, இது இங்கே செல்லாது என்றார்.

"என்னங் கண்ணு சொல்றாரு?"

"இந்த ஊர்ல இது செல்லாதாமா."

"செல்லாதா?" அம்மாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "அப்ப இந்த ஊருக்கு வந்ததும் என்ற கை நல்லாயிருச்சாமா?"

நான் சிரித்துவிட்டேன். என்ன சொல்கிறார் என்று பரிசோதகர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார். இங்கே நிரந்தரமாகக் குடியிருந்தால் இவரும் விண்ணப்பிக்கலாம், எண் கொடுப்பார்கள் என்று பொறுப்பாக விளக்கிவிட்டு, கைபேசியில் இருந்த சீட்டைப் பார்த்து நன்றி சொல்லி நகர்ந்தார். அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

"நமக்கு ஊடு அங்கயில்ல இருக்குது" என்றாள். பிறகு, "உனக்கு என்ன அட்டை குடுத்திருக்கறாங்க? காட்டு" என்றாள்.

என் வசிப்பிட அனுமதி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். மடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படங்களை ஒப்பிட்டுப் பார்த்தாள். என் அட்டையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதென்ன நாளு போட்டிருக்குது?"

"அதுவரைக்கும் நான் இங்க இருக்கலாம்மா. அப்புறம் மறுபடி எழுதிக் கேக்கோணும்."

அம்மா தன் அட்டையை எடுத்துக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "என்றதுல நாளே போடலை. நிரந்தரமுன்னு போட்டிருக்குது" என்றாள், என்னிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பதைக் கண்டவளாக. ரயில் பாலத்தின் மேல் ஏறியது. கீழே ஆறு ஓடியது. அம்மா இரண்டு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த ஒரே உறைக்குள் நுழைக்கப் பார்த்தாள். உறை சிறியது. ஒன்றுதான் உள்ளே போயிற்று. மற்றதை வலது கையின் பாதி மூடிய விரல்களுக்கிடையில் செருகிக்கொண்டு, இறங்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.